இரவு பதினொரு மணிப் பசிக்கு மாலை நான்கரை மணியிலேயே பதில் சொல்ல வேண்டும்

ஒரு வாசகியின் கேள்வி இதுதான். வயது 34, உயரம் 158 செ.மீ., எடை 76 கிலோ, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் அலுவலக வேலை. ஆறு வாரமாகக் காலையில் ஒரு சிறு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கப் சோறும் சாம்பாரும் பொரியலும், மாலையில் காபி மட்டும், இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி என்று சாப்பிடுகிறார். முதல் மூன்று வாரத்தில் இரண்டரை கிலோ குறைந்தது, பிறகு எடை அசையவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் தாங்க முடியாத பசி வருகிறது. மிக்சர் டப்பாவைத் திறந்தால் நிறுத்த முடிவதில்லை, பிறகு தயிர்சாதம், பிஸ்கட் என்று போகிறது. படுக்கப் பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டால் எடை ஏறாது? அல்லது தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. உங்கள் மனக்கட்டுப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை, பதினாறு மணி நேரம், உடம்பு கேட்பதில் பாதியைக்கூடக் கொடுக்காமல் நீங்கள் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். பதினொரு மணிக்கு வருவது பகல் முழுவதும் கொடுக்காமல் வைத்த உணவின் நிலுவை. அதை அந்த நேரத்தில் எதிர்த்து நிற்பது மிகக் கடினம். அது சேராமல் பார்த்துக்கொள்வது ஒப்பிட்டால் எளிது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வயது, உயரம், எடைக்கு, நாள் முழுவதும் படுத்தே இருந்தாலும், இதயமும் நுரையீரலும் மூளையும் இயங்க ஏறத்தாழ 1,400 கலோரி செலவாகும். உட்கார்ந்த வேலையையும் வீட்டு வேலையையும் சேர்த்தால் 1,950 முதல் 2,000 வரை போகும். நீங்கள் எழுதியுள்ள உணவை அளவு பார்த்துக் கூட்டினால், காபியில் உள்ள பாலையும் சர்க்கரையையும் சேர்த்தும், 900 அல்லது 950 கலோரிக்கு மேல் வரவில்லை. புரதம் 35 கிராமைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு 60 கிராமுக்கு மேல் வேண்டும். அதாவது கலோரியிலும் பாதி, புரதத்திலும் பாதி. எந்த உடம்பும் இந்த நிலையில் இரவில் அமைதியாகத் தூங்கிவிடாது.

இப்போது இரவுக் கணக்கு. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களுக்குச் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கச் சொல்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய உங்கள் நிலையில் இருந்த ஒரு பெண், "மேடம், ராத்திரி நான் சாப்பிடுவது கொஞ்சம்தான், நாலு பிடி மிக்சர்" என்றார். வீட்டிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவையே கொண்டுவரச் சொன்னேன். கையை விட்டு வழக்கமாக எடுப்பதுபோல் எடுத்துத் தராசுத் தட்டில் போடச் சொன்னேன். முதல் பிடி 28 கிராம், இரண்டாவது 33, மூன்றாவது 31, நான்காவது 30. மொத்தம் 122 கிராம். மிக்சர் நூறு கிராமுக்கு 500 கலோரிக்குக் குறையாது என்பதால், அந்த நாலு பிடி 600 கலோரியைத் தாண்டிவிட்டது. அவர் வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல அதைச் செய்யவில்லை. ஓர் இரவில் உள்ளே போவது, பகலில் இரண்டு வேளைக்கு மறுத்துக்கொண்ட உணவுக்குச் சமம் என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன்.

உங்களுக்கும் அதுவேதான் நடக்கிறது. பகலில் 950, இரவில் மிக்சரும் அதற்குப் பின் கொஞ்சம் தயிர்சாதமும் பிஸ்கட்டும் என்று 900. மொத்தம் 1,850. செலவோ 1,950. எடை அசையாததற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். பகலெல்லாம் பசியைத் தாங்கிய வலியும் உங்களுக்கு, எடை குறையாத ஏமாற்றமும் உங்களுக்கு என்றாகிவிட்டது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தமான பகுதி.

பகலில் போதாமல் சாப்பிடுவது முதல் காரணம் என்றால், இரண்டாவது காரணம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம். பாஸ்டனில் 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. பன்னிரண்டு பேரை மங்கலான வெளிச்சத்தில், வெளி உலகின் பகல் இரவு தெரியாத அறைகளில் தங்கவைத்து, உணவையும் தூக்கத்தையும் நாளின் எல்லா நேரங்களிலும் சீராகப் பரப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள், எப்போது விழித்தார்கள் என்பதற்கெல்லாம் அப்பால், உடற்கடிகாரம் மட்டுமே பசியை ஏற்றி இறக்குவது அதில் தெரிந்தது. பசி மிகக் குறைவாக இருந்தது காலை எட்டு மணியளவில். மிக அதிகமாக இருந்தது இரவு எட்டு மணியளவில். இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேல் நாட்டமும் இரவில்தான் கூடியது.

இதிலிருந்து இரவைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிடக் காலையைப் பற்றித் தெரிந்துகொள்வது முக்கியம் என்பது என் கருத்து. "காலையில் எனக்குப் பசிப்பதே இல்லை, அதனால் குறைப்பது எளிதாக இருக்கிறது" என்று பலரும் சொல்கிறார்கள். எளிதாகத்தான் இருக்கும், கடிகாரம் அந்த நேரத்தில் பசியைத் தணித்து வைத்திருக்கிறது. முந்தின இரவு பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டது வேறு இருக்கிறது. பசி இல்லாத வேளையில் மிச்சம் பிடித்து, பசி உச்சிக்குப் போகும் வேளையில் வெறும் வயிற்றோடு நிற்கிறோம். எடை குறைக்கத் தொடங்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேராவது இந்தத் தவறைச் செய்வதை நான் பார்க்கிறேன், அதுவும் நல்ல எண்ணத்தோடு.

காலையில் அதிகம் சாப்பிட்டால் எடை தானாகக் குறைந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் முப்பது பேரை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், ஒரே அளவு கலோரியை நான்கு வாரம் காலையில் கூடுதலாகவும், நான்கு வாரம் இரவில் கூடுதலாகவும் கொடுத்துப் பார்த்தபோது, எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. வேறுபட்டது பசி: காலையில் நன்றாகச் சாப்பிட்ட வாரங்களில் நாள் முழுவதும் பசி குறைவாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் எடுத்துவைத்த உணவை மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. எட்டடி தூரத்தில் மிக்சர் டப்பா இருக்கும் வீட்டில் வாழும் உங்களுக்கும் எனக்கும் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, பழக்கம். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டும் இந்தச் சுரப்பு, நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரங்களை ஒட்டி முன்கூட்டியே ஏறும். ஒரு மாதம் தொடர்ந்து பதினொரு மணிக்குச் சாப்பிட்டால், பதினொரு மணி உடம்புக்கு ஒரு சாப்பாட்டு வேளையாகிவிடும். பதினொரு மணிப் பசி அதனால் பொய்ப்பசி ஆகிவிடாது. உண்மையாகவே வயிற்றைக் கிள்ளும். ஆனால் பழகியது போலவே மறக்கவும் செய்யும். வேளையை மாற்றினால் முதல் நான்கைந்து நாள் கடுமையாகவும், பிறகு மெல்ல மெல்லக் குறைந்தும், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுவதை என்னிடம் வருபவர்களிடம் பார்க்கிறேன்.

ஆகவே, செய்ய வேண்டியது இரவில் தொடங்குவதில்லை. நாளைக் காலையிலிருந்து தொடங்குகிறது. ஓட்ஸ் கஞ்சியை விட்டுவிடுங்கள். அதில் குற்றமில்லை, ஆனால் முப்பது கிராம் ஓட்ஸைப் பாலில் கரைத்துக் குடிப்பது இரண்டு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. மூன்று இட்லி, கெட்டியான பருப்புப் போட்ட சாம்பார், இரண்டு அவித்த முட்டை என்று உட்கார்ந்து சாப்பிடுங்கள். முட்டை சாப்பிடாதவர் என்றால் இட்லிக்குப் பதிலாக இரண்டு அடையோ, பச்சைப்பயறு அரைத்த தோசையோ வைத்துக்கொள்ளலாம். காபியோடு சேர்த்து 420 கலோரி வரும், புரதம் இருபது கிராமுக்கு மேல் கிடைக்கும். மதியம் இப்போது சாப்பிடும் அதே ஒரு கப் சோறு போதும், சோற்றைக் குறைக்கவே வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு கப் கெட்டிக் கூட்டோ பருப்போ மீனோ இருக்க வேண்டும், பொரியல் இரண்டு மடங்காக வேண்டும், கடைசியில் ஒரு சிறு கிண்ணம் தயிர்.

அடுத்தது மாலை நான்கரை மணி. இந்த வேளையை நான் கெஞ்சிக் கேட்பதுபோல் கேட்கிறேன், ஏனென்றால் உங்கள் இரவை முடிவுசெய்யும் வேளை இதுதான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு இரவு எட்டு மணி வரை ஏழு மணி நேரம் வெறும் காபியோடு இருப்பவருக்கு, எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி எந்த மூலைக்கும் போதாது. காபி பசியைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். நாற்பது கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்துக் காலையில் அவித்துத் தாளித்தால் சின்ன டிபன் டப்பா நிறையச் சுண்டல் கிடைக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் தேங்காய்த் துருவலையும் சேர்த்தே 200 கலோரிதான் ஆகும். எட்டு கிராம் புரதமும், மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தும், நல்ல அளவு நார்ச்சத்தும் அதில் இருக்கின்றன. முக்கியமாக, அதை மென்று சாப்பிட ஐந்து பத்து நிமிடமாவது ஆகும். தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு என்று நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியும் நல்லதே. அலுவலக வாசலில் கிடைக்கும் பஜ்ஜியும் சமோசாவும் இதற்கு ஈடாகாது. 200 கலோரி அவற்றிலும் இருக்கும், ஆனால் எட்டு மணிக்கு மறுபடி பசிக்கும்.

இரவுச் சாப்பாட்டில் இரண்டு சப்பாத்தி அப்படியே இருக்கட்டும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமாவுக்குப் பதிலாக ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் பயறு போட்ட கெட்டிக் குழம்பு, அதோடு வெள்ளரிக்காயோ கீரையோ நிறைய. (உருளைக்கிழங்கின் மேல் எனக்குப் பகை இல்லை. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 1995இல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது அதிக நேரம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று சோதித்தபோது, முதலிடம் பிடித்தது வெறுமனே அவித்த உருளைக்கிழங்குதான். குருமாவில் தேங்காயும் எண்ணெயும் கூடுவதே சிக்கல்.) இப்படிச் சாப்பிட்டால், தாகத்துக்கு ஒரு தம்ளர் மோரையும் சேர்த்து, நாள் முழுவதற்கும் 1,500 கலோரியும் 60 கிராமுக்கு மேல் புரதமும் வரும். இப்போது பகலில் சாப்பிடுவதைவிட ஐந்நூற்றைம்பது கலோரி அதிகம். இப்போது ஒரு நாளில் மொத்தமாக உள்ளே போவதைவிட முந்நூற்றைம்பது குறைவு. மாதத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ குறைய இது போதும். வேகம் குறைவாகத் தெரியலாம், ஆனால் ஆறு வாரம் பட்டினி கிடந்து அங்கேயே நிற்பதைவிட வேகமானது.

"எட்டு மணிக்கு மேல் எதையும் தொடக் கூடாது" என்ற விதியைப் பற்றியும் கேட்பீர்கள். எட்டு மணிக்கென்று ஒரு தனி மந்திரம் கிடையாது. இரவில் தாமதமாகச் சாப்பிடுவதில் உண்மையான தீமை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. பாஸ்டனிலேயே பதினாறு பேரிடம் செய்து 2022இல் வெளிவந்த ஆய்வில், அதே உணவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி எடுப்பதற்கான வாய்ப்பு இரட்டிப்பாகியது, நிறைவைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் சற்றுக் குறைந்தது. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையிலான தூரம். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இருந்தால் செரிமானத்துக்கும் நல்லது, நெஞ்செரிச்சலும் குறையும். உங்களுக்கு அந்த இடைவெளி நாலரை மணி நேரம். ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டுப் பன்னிரண்டரை வரை விழித்திருப்பவருக்கு ஐந்தரை மணி நேரம். பகலில் அவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தால் யாருக்கும் பசிக்கத்தானே செய்யும்? எனவே, ஒன்று, படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள். அது முடியாத வாரங்களில் சாப்பாட்டை எட்டரைக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவருவதே மேல். சிகாகோவில் 2004இல் இருபதுகளில் இருந்த பன்னிரண்டு ஆரோக்கியமான ஆண்களை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுக்கவிட்டபோது இருந்ததோடு ஒப்பிட்டால், லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது, பசி 24 சதவீதம் கூடியிருந்தது. எந்த உணவின் மேல் ஆசை அதிகம் கூடியது என்று கேட்டதற்கு வந்த பதில்: இனிப்பு, உப்புப் பண்டங்கள், மாவுப் பண்டங்கள். மிக்சரும் பிஸ்கட்டும் அதில்தான் வருகின்றன. நீங்கள் பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறீர்கள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம்தான். ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து இரண்டாவது காபி குடிப்பவர் என்றால் அதையும் நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள கஃபீனில் ஏறத்தாழ பாதி பதினொன்றரைக்கும் உடம்பில் இருக்கும். தூங்கிவிட்டால் பசி தெரியாது என்பது சாதாரண உண்மைதான், ஆனால் நாம் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

இவ்வளவும் செய்தாலும் முதல் இரண்டு வாரம் பதினொரு மணிக்குப் பசி வரும். அப்போது என்ன செய்வது? நம் பெரியவர்கள் "பசி ருசி அறியாது" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதுண்டு. "இப்போது ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு அவித்த முட்டையோ கொடுத்தால் சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி. அதற்கு உணவு கொடுக்க வேண்டும், மறுக்கக் கூடாது. "வேண்டாம், மிக்சர்தான் வேண்டும்" என்று மனம் சொன்னால் அது வேறு: சோர்வாக இருக்கலாம், சலிப்பாக இருக்கலாம், அன்றைக்கு அலுவலகத்தில் கேட்ட ஒரு வார்த்தையாக இருக்கலாம், நாள் முழுவதும் பிறருக்காக ஓடிவிட்டு எனக்கென்று கிடைக்கும் அரை மணி நேரம் இதுதான் என்ற ஏக்கமாகவும் இருக்கலாம். அந்த ஏக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதற்கு ஓய்வும் பேச்சும் தூக்கமும் வேண்டும். மிக்சர் அதைத் தீர்க்காது.

பசி என்று தெரிந்தால் 100 முதல் 150 கலோரிக்குள் புரதம் உள்ள ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். அதனால் எடைக்குறைப்பு கெட்டுவிடாது. சர்க்கரை போடாத ஒரு தம்ளர் பால் 150 மில்லி என்றால், பாலின் கொழுப்பைப் பொறுத்து 90 முதல் 130 கலோரி வரை இருக்கும். ஒரு அவித்த முட்டை 75 கலோரி. வறுத்த வேர்க்கடலை 25 கிராம் 140 கலோரி, ஆனால் அதை எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு டப்பாவை மூடிவிட வேண்டும். சீரகமும் பெருங்காயமும் போட்ட மோர் ஒரு பெரிய தம்ளர் நாற்பது ஐம்பது கலோரிக்குள் முடிந்துவிடும். வயிறு லேசாகக் கிள்ளும் அளவில் மட்டும் இருந்தால் அதுவே போதும். எதுவானாலும் தட்டில் அல்லது கிண்ணத்தில் போட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். இருட்டில் குளிர்பதனப் பெட்டியின் வெளிச்சத்தில் நின்றுகொண்டோ, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டோ சாப்பிடும்போது அளவு தெரிவதில்லை, சாப்பிட்ட நிறைவும் வருவதில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். ஒரு தம்ளர் குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தண்ணீர் இரைப்பையை விட்டுச் சீக்கிரமே இறங்கிவிடும். உண்மையான பசியை அதனால் ஆற்ற முடியாது, நடு இரவில் கழிப்பறைக்கு எழுந்து தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பெண்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். எட்டு மணிக்குக் குழந்தைகளோடு சாப்பிட்டாகிவிட்டது. பத்தே காலுக்குக் கணவர் வேலையிலிருந்து வருகிறார். அவருக்குத் தோசை வார்க்கிறீர்கள். பிய்ந்துபோன முதல் தோசை உங்கள் வாய்க்குப் போகிறது. "நீயும் ஒண்ணு சாப்பிடேன்" என்று அவர் சொல்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஒன்று. குழந்தை தட்டில் விட்ட அரை சப்பாத்தியைக் கொட்ட மனம் வராமல் அது. பிறகு பாத்திரம் ஒழிக்கும்போது கிண்ணத்தின் அடியில் கிடக்கும் இரண்டு வாய்க் குருமா. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் உணவுக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை, ஆனால் மொத்தம் முந்நூறு நானூறு கலோரி வந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றால், கணவரோடு உட்காரும் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அது குடும்பத்துக்கு வேண்டியது. எட்டு மணிக்கு ஒரு சப்பாத்தியும் குழம்பும், பத்தே காலுக்கு அவரோடு ஒரு தோசையும் என்று முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்ற நல்ல பழக்கத்தை, சமைக்கும் அளவைக் குறைப்பதில் காட்டுங்கள். "பிள்ளைகளுக்காக" வாங்கும் மிக்சரையும் முறுக்கையும் ஒரு கிலோவாக வாங்காமல் நூறு கிராமாக வாங்கச் சொல்லி வீட்டாரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் பசி கூடுவது இயல்பு. அந்த நாட்களில் 100 அல்லது 150 கலோரியைத் திட்டமிட்டே கூட்டிக்கொள்ளுங்கள், அதைத் தோல்வியாக எழுத வேண்டாம்.

சில மருந்துகள் பசியைத் தூண்டும்: ஸ்டீராய்டு மாத்திரைகள், மனநலத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள், ஒவ்வாமைக்குத் தரப்படும் சில மாத்திரைகள். அப்படி ஏதாவது சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாமல் எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் சர்க்கரை நோய் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் பிறருக்காக எழுத வேண்டியது என் கடமை. இன்சுலின் போடுபவருக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் இரவில் வரும் திடீர்ப் பசி, அதோடு வியர்வை, நடுக்கம், படபடப்பு இருந்தால், ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அடையாளமாக இருக்கக்கூடும். அப்போது கட்டுப்பாடு பற்றி யோசிக்கவே கூடாது. உடனே சோதித்து, 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றாலும் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட வேண்டும். எடை குறையக் குறைய மருந்தின் அளவையும் குறைக்க வேண்டிவரும் என்பதால், உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம்.

இன்னொரு நிலையும் இருக்கிறது. நாளின் உணவில் கால் பங்கோ அதற்கு மேலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுவது, அல்லது வாரத்தில் இரண்டு முறையாவது தூக்கத்திலிருந்து விழித்து, சாப்பிட்டால்தான் மறுபடி தூங்க முடியும் என்ற நிலைக்குப் போவது, காலையில் உணவே பிடிக்காமல் இருப்பது, மாலையானால் மனம் சோர்வது: இவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதை இரவு உண்ணல் கோளாறு என்று மருத்துவம் தனியாகப் பார்க்கிறது. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் 1955இலேயே இதை விவரித்தார். நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்கள் இரவுப் பங்கு கால் பங்கைத் தாண்டிவிட்டது, ஆனால் பகலில் பட்டினி கிடப்பதால் அப்படி ஆகியிருக்கவே வாய்ப்பு அதிகம். பகல் உணவைச் சரிசெய்து நான்கு வாரம் ஆன பிறகும் இரவு மாறவில்லை என்றால், அல்லது சாப்பிட்டபின் கடுமையான குற்ற உணர்வும் வாந்தி எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்தால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது; உணவுப் பட்டியல்களை மாற்றிக்கொண்டே காலத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அடுத்த பதினான்கு நாளைக்கு எடை பார்க்க வேண்டாம். காலையில் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கும் முதல் வாரத்தில் தராசு அரைக் கிலோ ஏறிக்கூடக் காட்டும், அது பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் உணவும் உடம்பில் நிற்கும் தண்ணீரும்தான். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஓட்ஸ் கஞ்சிக்குப் போய்விடுவீர்களோ என்பதுதான் என் கவலை. அதற்குப் பதிலாக ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு நாளும் மூன்றை மட்டும் எழுதுங்கள்: மாலை நான்கரைக்கு என்ன சாப்பிட்டீர்கள், இரவு பதினொரு மணிக்குப் பசி பத்துக்கு எத்தனை, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள். சுண்டல் தவறிய நாட்களில் இரண்டாவது எண் எப்படி ஏறுகிறது என்பது நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து அந்த எண்களை எனக்கு எழுதுங்கள், தேவையானால் காலை உணவை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். இப்போதைக்கு, இன்றிரவு படுக்கப் போகும் முன் நாற்பது கிராம் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறவைத்துவிடுங்கள்.